ஆறு பாட்டிலிலும் ஒரே பால்

போகோர்
11 ஜனவரி 1994

பாக் மிஸ்பான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

டிசம்பர் மூன்றாம் வாரம் நீங்கள் அனுப்பிய பால் மாதிரிகளைச் சோதித்துவிட்டோம். ஐஸ் பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நன்றி.

ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது ஆகிய எண்ணுள்ள மாடுகளின் பாலில் கிருமிக்கொல்லி மருந்து தங்கியிருக்கிறது. தட்டில் கிருமியைப் பரப்பி, பாலில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைப்போம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பால் சுத்தமாக இருந்தால் கிருமி வில்லையை ஒட்டியே வளர்ந்துவிடும். இந்த மூன்றிலும் வில்லையைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அகலத்துக்குக் கிருமி அண்டவில்லை. இரண்டாம் முறையும் செய்து பார்த்தோம். மாற்றமில்லை.

இது நடந்திருக்கவே முடியாது. அந்த மூன்று மாடுகளுக்கு உரிய குப்பிகளில் மருந்தே கிடையாது.

ஆகவே நேராகக் கேட்கிறேன். குப்பிகளை மாற்றிப் போட்டீர்களா? எண் பார்க்காமல் எடுத்தீர்களா? அல்லது யாராவது கேட்டுக்கொண்டதால் வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா? நாற்பது மாடுகளை வைத்து இரண்டு ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட ஆய்வு இது. பதிலைத் தாமதிக்க வேண்டாம்.

டாக்டர் யுயுன் ஹெர்லினா

*

கெடுங்வாரு
20 ஜனவரி 1994

டாக்டர் யுயுன் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, என்னைத் திருடன் என்கிறீர்களே என்று. இரண்டாம் தடவை ஒரு வரியில் நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை அந்த ஒரு வரியை மட்டும்தான் படித்தேன்.

"குப்பிகளில் மருந்தே கிடையாது."

அப்படியானால் அதில் என்ன இருந்தது, டாக்டர்?

போன ஆண்டு நீங்கள் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்து என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கன்று ஈன்ற பிறகு சினை பிடிக்காத மாடுகளுக்குக் கருப்பையில் செலுத்தப் புது மருந்து கொண்டுவந்திருக்கிறோம் என்றீர்கள். மருந்து எத்தனை நாள் பாலில் தங்குகிறது என்றும் பார்க்க வேண்டும், வாரம் ஒரு பாட்டில் போதும் என்றீர்கள். நாற்பது பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர் என்று நீங்கள் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. இருபது வருடம் இந்த மலையில் மாட்டு வைத்தியம் பார்க்கிறேன், சினை ஊசி போடுகிறேன். என் கையாலேயே தண்ணீரை ஏற்றியிருக்கிறேன், மருந்து என்று சொல்லி.

பன்னிரண்டாம் எண் யாருடைய மாடு தெரியுமா? துமினியுடையது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் குடும்பம். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. போன வாரம் வழியில் மறித்தாள். "என்னங்க மிஸ்பான், போகோர் மருந்து என் மாட்டுக்கு மட்டும் வழி தெரியாம போயிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

குப்பியை மாற்றவில்லை. ஒன்றைக்கூட மாற்றவில்லை. மாற்றியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீரில் மருந்து எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் தட்டுகளைக் கேளுங்கள். அங்கே ஐஸ் பெட்டியை யார் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மிஸ்பான்

*

போகோர்
31 ஜனவரி 1994

பாக் மிஸ்பான்,

கோபம் நியாயமானது. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

பாதி மாடுகளுக்கு மஞ்சள் சாயம் கலந்த உப்புத் தண்ணீர்தான். அப்படி ஒரு பாதி இல்லாவிட்டால், சினை பிடித்தது மருந்தாலா, நல்ல தீவனத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. எது தண்ணீர் என்று மருந்து செலுத்துகிறவருக்குத் தெரிந்தால் கை தானாக ஒருபக்கம் சாயும். அதனால் மறைத்தேன். எண்களை மறைத்தது சரி. தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே மறைத்தது தவறு. சொன்னால் நாற்பது பேர் வரமாட்டார்கள் என்று பயந்தேன்.

ஆனால் என் தவறு உங்கள் கணக்கை நேர் செய்துவிடாது. இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று. பெனிசிலினை மட்டும் அழிக்கும் நொதி ஒன்று உண்டு. அதை அந்தப் பாலில் சேர்த்துச் சோதித்தேன். வெற்று வட்டம் மறைந்துவிட்டது. அதாவது பாலில் இருப்பது பெனிசிலின். நம் ஆய்வு மருந்து அந்த இனமே இல்லை. குப்பி மாறவில்லை என்ற உங்கள் பேச்சை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மருத்துவப் பையில் பெனிசிலின் இருக்கிறது. மலையில் அதை வைத்திருக்கும் இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு. அந்த வாரம் மேல் வீடுகளிலிருந்து வந்த ஆறு பாட்டில்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மற்ற மூன்றும் மருந்து பெற்ற மாடுகளுடையவை என்பதால் முதலில் சந்தேகப்படவில்லை. ஆறிலும் பெனிசிலின். ஆறிலும் கொழுப்பு ஒரே அளவு. அக்கா தங்கை மாடுகளுக்குக்கூடப் பாலில் கொழுப்பு இப்படி ஒத்துப்போகாது. ஆறு மாடுகள், ஆறு வீடுகள், ஒரே பால். அதற்கு முந்தைய வாரங்களில் அந்த மாடுகளின் பால் தனித்தனியாகத்தான் இருந்தது, பெனிசிலினும் இல்லை.

அந்த வாரம் நீங்கள் எங்கே பால் எடுத்தீர்கள்?

யுயுன்

*

கெடுங்வாரு
12 பிப்ரவரி 1994

டாக்டர் அவர்களுக்கு,

இன்று நோன்பு தொடங்கியிருக்கிறது. பொய் எழுதினால் இன்றைய நோன்பு வீண் என்பதால் உண்மையை எழுதுகிறேன். நேற்றே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஓடைக்கு அப்பால் இருக்கும் வளைவில் மண் சரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. மேல் வீடுகள் ஆறுக்கும் நடந்து போக முடியவில்லை. அவர்கள் தோளில் சுமந்து இறக்கும் பால் எப்படியும் கீழே சேகரிப்பு நிலையத்துக்குத்தானே வருகிறது என்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். நான் போவதற்குள் எல்லார் பாலையும் பெரிய கேனில் ஊற்றிவிட்டார்கள். அதிலிருந்து மொண்டு ஆறு பாட்டிலில் ஊற்றி, ஆறு எண்ணை ஒட்டி அனுப்பினேன். ஒரே ஒரு வாரம்தான். அதற்கு முன்னும் பின்னும் மாட்டின் மடியிலிருந்து நானே கறந்த பால்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதும்போது முதுகில் இன்னொன்று ஊர்கிறது. மாடுகளின் பால் சுத்தம், பெரிய கேனில் பெனிசிலின் என்றால் அது எங்கே சேர்ந்தது? கேனிலா?

நான் ஒன்றும் பார்க்கவில்லை. யார் மீதும் சொல்லவும் மாட்டேன். யாராவது மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைத் தெரியாமல் ஊற்றியிருக்கலாம். அப்படியே எழுதிக்கொண்டு இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

மிஸ்பான்

*

போகோர்
21 பிப்ரவரி 1994

பாக் மிஸ்பான்,

ஒரு மாட்டின் பால் அத்தனை பெரிய கேனில் கரைந்தால் என் தட்டில் அவ்வளவு பெரிய வட்டம் விழாது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

ஆய்வு தொடங்கியபோது நீங்கள் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது: "ஹாஜி மஸ்கூர், மனைவியின் அண்ணன், பால் சேகரிப்பு நிலையப் பொறுப்பாளர்." போன கடிதத்தில் நிலையத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் இந்த ஒன்றை எழுதவில்லை.

நான் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மேலதிகாரியிடம் ஆறு பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஆறு மாடுகளையும் அட்டவணையிலிருந்து எடுத்துடு யுயுன். மாதிரி கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி போதும். மிச்சம் முப்பத்திநாலு இருக்கே, அழகா நிக்கும்" என்றார். எடுத்தும்விட்டேன். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன். நான் எதைச் செய்யக்கூடியவள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். பெனிசிலின் சிலர் உடம்புக்கு ஆகாது. சிலருக்குத் தடிப்போடு போய்விடும். சிலருக்குத் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும். யாருக்கு எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

மார்ச் பத்தாம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் நீங்கள் எழுதினால் உங்கள் சொல்லோடு போகும். எழுதாவிட்டால் என் சந்தேகத்தோடு போகும்.

யுயுன்

*

கெடுங்வாரு
4 மார்ச் 1994

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, சுபுஹ் தொழுதுவிட்டு, நேராகச் சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். மச்சான் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "என்ன மாப்ள, நோன்பு நேரத்துல பால் வாசம் புடிக்க வந்தியா?" என்றார். நானும் கேலியாக ஏதோ சொல்லிவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பால் வரத் தொடங்கியது. பெரிய கேன் பாதி நிறைந்ததும் அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். என்னிடம் மறைக்கவே இல்லை. டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடி ஒரு கரண்டி எடுத்துப் பாலில் போட்டு நீளமான அகப்பையால் கலக்கினார்.

"அது என்ன மச்சான்?"

"பால் மருந்து. புளிக்காம இருக்க."

"எந்த மருந்து?"

"நீ மாட்டுக்குப் போடுறதுதான். தேதி முடிஞ்சதைக் கடைக்காரன் சும்மா குடுக்குறான்."

சொன்னேன். நீங்கள் எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"குளிரூட்டுற தொட்டி மோட்டார் நவம்பர்ல எரிஞ்சுது. நாலு தடவை சங்கத்துக்கு எழுதிட்டேன். லாரி வர்றதுக்குள்ள பால் திரிஞ்சா ஆலைக்காரன் கேனோட திருப்பி அனுப்புறான். அன்னைக்குத் துமினிக்கு என்ன பதில் சொல்றது? உன் டாக்டர் சொல்வாளா? ஒரு சொட்டு நான் தின்னேனா? யாருக்காகச் செஞ்சேன்னு நெனைக்கிற?"

அவருக்காகச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் என் கை எழவில்லை. அன்று ஒன்றும் எழுதாமல் படுத்துவிட்டேன்.

என் பெண் இஸ்னாவுக்கு ஏழு வயது. டிசம்பரிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு. கருவாடு ஆகவில்லை என்றார்கள், நிறுத்தினோம். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். போகவில்லை. அவளுக்குத் தினமும் காலையில் ஒரு பாட்டில் பால் வருகிறது. மாமன் கொடுத்தனுப்புவது. தங்கச்சி மகள் என்றால் அவருக்கு உயிர்.

உங்கள் கடிதத்தை என் மனைவி சுமியாத்தின் படித்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் கொல்லையில் கொட்டியிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் என்று விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளையின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் சுத்தமாக இருந்தது.

"உங்க டாக்டருக்குத் தட்டு. எனக்கு இவ" என்றாள். பிறகு, "எங்க அண்ணனைக் காட்டிக் குடுத்துட்டு இந்த ஊர்ல நாம எப்படி இருக்கிறது?" என்று அழுதாள். நான் பதில் சொல்வதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

நிலையத்தில் கூட்டம் கலைந்திருந்தது. சுமியாத்தின் பெரிய கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இதை இஸ்னாவுக்கு நீங்களே உங்க கையால குடுங்க."

"என்ன புள்ள பேசுற?"

"ஒண்ணும் ஆகாதுன்னா குடுங்கண்ணே. நான் தடுக்கல."

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மாமன் கொடுத்தால் குடிப்பதுதான் வழக்கம் என்று கையை நீட்டியது. மச்சான் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பால் அவர் சட்டையில் சிந்தியது.

மறுநாள் அவர் பொடி போடவில்லை. அன்று வெயில். பால் திரிந்து, கேன்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஊரே அவரைத் திட்டியது. ஏன் என்று அவர் சொல்லவில்லை.

டப்பாவில் இருந்த பொடி கொஞ்சம் காகிதத்தில் மடித்து இத்துடன் இருக்கிறது. நீங்கள் எழுதினால் ஆலை எங்கள் பாலை நிறுத்தும். இருநூறு வீட்டு அடுப்பு. எழுதாவிட்டால் நாளைக்கு வேறு ஒருவன் வேறு டப்பாவோடு வருவான். எழுதாதீர்கள் என்று கேட்கத்தான் காகிதத்தை எடுத்தேன். அது இனி என் பேனாவில் வராது.

மிஸ்பான்

*

போகோர்
10 மார்ச் 1994

பாக் மிஸ்பான்,

பொடியைச் சோதித்தேன். பெனிசிலின்தான். அந்த டப்பாவில் இருந்ததுதானா, உங்கள் பையில் இருந்ததா என்று ஒரு கணம் யோசித்தேன். இப்படி யோசிக்கப் பழகிவிட்டேன், மன்னியுங்கள். இஸ்னாவின் கையை நினைத்ததும் அந்த யோசனை நின்றது. இனி ஊசியானாலும் மாத்திரையானாலும் அவளுக்குப் பெனிசிலின் கூடாது என்று எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். இதை மறக்கவே கூடாது.

இன்று காலை அறிக்கை கொடுத்தேன். அதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. தண்ணீர் உண்டு என்பதை மாட்டுக்காரர்களிடம் நான் மறைத்தது. ஆறு பாட்டில்களை நீங்கள் கேனிலிருந்து நிரப்பியது. கேனில் மருந்து கலந்தது. முதல் தவறை முதலில் எழுதினேன். எரிந்த மோட்டாரையும், சங்கத்துக்குப் போன நான்கு கடிதங்களையும் எழுதினேன். உங்கள் மச்சானின் பெயரை எழுதவில்லை, நிலையம் என்று மட்டும் எழுதினேன். ஆனால் ஊரில் நிலையம் ஒன்றுதான் என்பதால் அது பெரிய உபகாரம் இல்லை.

மேலதிகாரி படித்துவிட்டு, "உன்னை யாரு இவ்வளவு கேட்டா?" என்றார். ஜூன் மாதக் கருத்தரங்கில் என் கட்டுரை இல்லை. ஆய்வை முதலிலிருந்து செய்ய ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள், மாட்டுக்காரர்கள் சம்மதித்தால். சம்மதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

யுயுன்

*

கெடுங்வாரு
20 ஏப்ரல் 1994

டாக்டர் யுயுன் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுத நேரம் இருந்தது, மனம் இல்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் கழித்து ஆலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒன்பது நாள் பால் வாங்கவில்லை. கன்றுகள் குடித்தது போக மிச்சத்தை ஓடையில் ஊற்றினோம். ஓடை வெள்ளையாக ஓடியதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடினார்கள். பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். தொழுகையில் என் பக்கத்து இடம் இரண்டு வெள்ளிக்கிழமை காலியாக இருந்தது.

அதற்கு முன்பே, பெருநாளன்று எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கும்போது நாங்களும் மச்சான் வீட்டுக்குப் போனோம். கதவு திறக்கவில்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. சுமியாத்தின் கொண்டுபோன கெதுப்பாட் சோற்றுப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தோம். அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்தாம் நாள் புது மோட்டார் வந்தது. நான்கு கடிதத்துக்கு வராத மோட்டார். அதைப் பொருத்தும்போது அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு இன்னும் பேசவில்லை.

போன ஞாயிறு சங்கத்தில் கூட்டம். உங்கள் கேள்வியை நான்தான் எழுந்து சொன்னேன். பாதி மருந்து, பாதி தண்ணீர், யாருக்கு எது என்று முடியும்வரை தெரியாது என்றேன். கூச்சல். "மறுபடியும் நம்ம மாட்டை வச்சு விளையாடவா?" என்று ஒருவர். "நீ எந்தக் கேன்ல மொண்டு அனுப்புவ?" என்று இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நின்றுகொண்டே இருந்தேன்.

துமினி எழுந்தாள். "போன தடவை என் மாட்டுக்கு எது?" என்றாள்.

"தண்ணி" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிப் போடலாம். எங்க முன்னாடி போடணும். அந்த டாக்டர் இங்க வந்து நிக்கணும். தண்ணி கிடைச்ச மாடு எல்லாத்துக்கும் கடைசியில மருந்து குடுத்துடணும். எது தண்ணி, எது மருந்துங்கிற பட்டியல் போகோர்ல இருக்கக் கூடாது, உங்க கிட்டயும் இருக்கக் கூடாது. ஒட்டி, முத்திரை வச்சு என் கிட்ட குடுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

முப்பத்தோரு கைகள் உயர்ந்தன. ஒன்பது பேர் சேர மாட்டோம் என்றார்கள். வேறு நிபந்தனைகளும் உண்டு. பால் எடுக்கும்போது வீட்டுக்காரர் கூட நிற்பார், ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு பாட்டில், ஒன்று உங்களுக்கு, ஒன்று சங்கத்துப் பனிப்பெட்டியில். என் மீது நம்பிக்கை இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உங்கள் மீதும் இல்லையாம்.

வருவீர்களா?

மிஸ்பான்

*

போகோர்
29 ஏப்ரல் 1994

பாக் மிஸ்பான்,

வருகிறேன். மே பன்னிரண்டு, வியாழன் காலை ரயில். எல்லா நிபந்தனைகளும் சரி.

குப்பிகளுக்கு எண் போடுவது இங்கே மருந்துக் கிடங்கில் ஒரு பெண். பட்டியல் எழுதுவதும் அவள்தான். உறையை என் கண் முன்னே ஒட்டி முத்திரை வைக்கச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த முறை எனக்கும் தெரியாது. நகல் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். "தொலைஞ்சா?" என்று கேட்டாள். தொலைந்தால் என் இரண்டு வருடம் அவ்வளவுதான். நேற்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான் மனத்தில் ஓடுகிறது.

அதனால் ஒரு உதவி. துமினி வீட்டில் எலி உண்டா? நான் வருவதற்குள் விசாரித்து, நல்ல தகர டப்பா ஒன்று வாங்கி வையுங்கள்.

யுயுன்